குதிரைகள் முதலில் கடந்தன

தீவு மடம், வான் ஏரி
ஆர்மேனியர் ஆண்டு 472, உயிர்ப்புப் பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள்

என் அன்புத் தங்கை நாசெனிக்கு,

அண்ணன் பார்செக்கின் ஆசி. இறைவன் தயவில் உயிரோடும் பாதிப் பற்களோடும் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை அர்தவானும் குழந்தை வர்தேனியும் சுகம்தானா? போன இலையுதிர் காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பினீர்கள், அதன் பிறகு ஒரு வரி இல்லை. குறையாகச் சொல்லவில்லை. குளிர்காலம் முழுக்க இங்கே படகே விடவில்லை. மடத்துப் பூனைகூடக் கரையைப் பார்த்து மாதக் கணக்காகிறது. இப்போது உப்பு மீன் வியாபாரி மர்கார் செபஸ்தியாவுக்குப் புறப்படுகிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன்.

ஒரு செய்தி. நம் பாப்கென் பிரபு செபஸ்தியாவிலிருந்து ஐம்பது தோல்தாள் அனுப்பியிருக்கிறார். நோர்கெட் பள்ளத்தாக்கின் குடிகளுடைய வரலாற்றையும் அவர்களை ஆண்ட பிரபுக்களின் வரலாற்றையும் ஆதி முதல் இன்றுவரை எழுத வேண்டுமாம். எழுதுகிறவன் நான். நம் அப்பா இருந்திருந்தால் ஆலயத்தில் பூசையை நிறுத்திவிட்டு இதைச் சொல்லியிருப்பார். மடாதிபதி கிரகோஸ் தந்தை ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: “பார்செக்கு, வெட்டிக்கிட்டுச் செத்தவங்கள சுருக்கமா எழுது, கோயில் கட்டினவங்கள நீட்டி எழுது. தோலு பத்தாது.”

பிரபுவின் கொள்ளுத்தாத்தாவரை வந்துவிட்டேன். கடைசி அத்தியாயம்தான் தடுமாற்றம். துருக்கியருக்குப் பயந்து, பள்ளத்தாக்கைக் கிரேக்கப் பேரரசரிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாகச் செபஸ்தியாப் பக்கம் நிலம் வாங்கிக்கொண்டு, குடிகளோடு பிரபு மேற்கே நடந்த கதை. நான் தீவிலேயே இருந்தவன், ஒன்றையும் பார்க்கவில்லை. நடந்தவள் நீ. வண்டிகள் எத்தனை? பிரபு எதில் ஏறிப் போனார்? யூப்ரடீஸ் ஆற்றை எப்படிக் கடந்தீர்கள்? அப்பா நம் இருவருக்கும் எழுத்துக் கற்றுக்கொடுத்தது வீணாகவில்லை என்று காட்டு.

மாப்பிள்ளையின் முதுகு வலி எப்படி? வர்தேனி இன்னும் நகம் கடிக்கிறாளா? அவளைக் கடிதத்தின் ஓரத்தில் ஏதாவது கிறுக்கச் சொல்.

அண்ணன்
பார்செக்


செபஸ்தியா
பெந்தகோஸ்தே திருநாளுக்கு மறுவாரம்

அண்ணன் பார்செக் அவர்களுக்கு, தங்கை நாசெனி வணங்கி எழுதுவது.

உங்கள் ஆசியால் வீட்டுக்கு மேலே கூரையும் அடுப்பில் நெருப்பும் இருக்கின்றன. உங்கள் பற்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. ரொட்டியை மோரில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள். மர்கார் மூன்று நாள் எங்கள் வீட்டில் தின்று முடித்த பிறகுதான் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். கேட்டால், “வந்ததுமே குடுத்தா நீ அழுதுக்கிட்டு உக்காந்துருவ, அப்புறம் எனக்கு யாரு சமைக்கிறது?” என்கிறார்.

பக்கத்து வீட்டுக்காரி யூதோகியா கிரேக்கப் பெண். எனக்குக் கிரேக்கம் தெரியாததால் நான் செவிடு என்று நினைத்து உரக்கக் கத்துகிறாள். நான் நம் மொழியில் அதைவிட உரக்கக் கத்துகிறேன். இருவருக்கும் நல்ல ஸ்நேகம்.

நீங்கள் கேட்டவை: வண்டிகள் இருநூற்றுப் பன்னிரண்டு. பிரபு சாம்பல் நிறக் கோவேறு கழுதையில் ஏறி வந்தார். ஊர் ஆலயத்தைப் பூட்டிச் சாவியைக் கிரேக்க அதிகாரியிடம் கொடுத்தபோது அவர் வாய்விட்டு அழுதார். அது நடிப்பில்லை, தைரியமாக எழுதலாம். கணவாயில் பனி விழுந்தது. ஆறு அகலம். கடக்க மூன்று நாள் ஆனது.

உங்கள் மாப்பிள்ளை பிரபுவின் லாயத்திலேயே வேலை பார்க்கிறார், அங்கேயே சாப்பிடுகிறார், பெரும்பாலும் அங்கேயே படுத்துக்கொள்கிறார். இந்த ஊர்த் தண்ணீர் குதிரைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாசெனி


தீவு மடம்
வர்தவார், தண்ணீர்த் திருநாள் மாலை

அன்புத் தங்கைக்கு ஆசி பல.

இன்று இளம் துறவிகள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடினார்கள். கிரகோஸ் தந்தைமேல் ஊற்ற யாருக்கும் துணிவில்லை, அவரே ஒரு குடத்தைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “போதுமாடா, இப்ப திருப்தியா?” என்றார். நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதம் சந்தைக்குப் போய் வந்தவளின் கணக்குப்போல் இருந்தது. கோவேறு கழுதையின் நிறம்வரை சொன்னவள் ஆற்றுக்கு ஒரே வரி எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. மீதியை நானே எழுதிவிட்டேன். ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன். மடத்தில் வாசித்தபோது இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“அப்போது பாப்கென் பிரபு, மோசே தன் ஜனத்தை நடத்தியதுபோல் தன் குடிகளை ஆற்றங்கரைக்கு நடத்தி வந்தார். பெருகி வந்த வெள்ளமும் அவர் முன் பணிந்தது. மேய்ப்பன் முன்னே செல்ல, மந்தை பின்னே சென்று, ஒருவரும் குறையாமல் அக்கரை ஏறினர்.”

எப்படி? “மேய்ப்பன் முன்னே செல்ல, மந்தை பின்னே” என்ற இடத்துக்கு இரண்டு நாள் ஆனது எனக்கு.

வர்தேனி ஏன் கிறுக்கவில்லை? மாமாவின் மேல் கோபமா? வாதுமை மரத்தில் நானே செதுக்கிய ஒரு சீப்பை மர்காரிடம் அனுப்புகிறேன். பல் இரண்டு கோணல். என் பற்களைப்போல என்று சொல்லிக் கொடு.

பார்செக்


செபஸ்தியா
திராட்சை மந்திரிக்கும் திருநாள்

அண்ணனுக்கு வணக்கம். உங்கள் உடல்நலம் கேட்டு மகிழ்ந்தோம். மீனும் சீப்பும் வந்து சேர்ந்தன.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரண்டு இடத்தில் பிழை இருக்கிறது. வெள்ளம் பணியவில்லை. கரையில் ஒன்பது தெப்பங்கள் இருந்தன, ஆறு தெப்பங்களை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது, மூன்று மிஞ்சின. பிறகு, குதிரைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. குதிரைகளும் கடந்தன, அண்ணா.

யூதோகியாவின் திராட்சையைப் பறித்து முடிக்க வேண்டும். அவசரமாக எழுதுகிறேன். தவறாக நினைக்க வேண்டாம்.

நாசெனி


தீவு மடம்
திருச்சிலுவைத் திருநாள் கழிந்து நான்காம் நாள்

நாசெனி,

உனக்கும் உன் வீட்டாருக்கும் இறைவன் துணை இருக்கட்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

செருப்புத் தைக்கும் தோரோஸை நினைவிருக்கும், நம் தெருக்கோடியில் இருந்தவர். செபஸ்தியா பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டார். நோர்கெட்டில் அவர் வீட்டில் கிரேக்கச் சிப்பாய்கள் இருப்பதால் இங்கே மடத்தில் தங்கி எங்கள் செருப்புகளைத் தைத்துக்கொண்டிருக்கிறார். அவர் பாராட்டட்டும் என்று, ஆறு கடந்த அத்தியாயத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“இது எந்த ஆறு சாமி?”

“நீங்க கடந்த ஆறுதான்.”

“அப்ப எங்ககூட வேற யாரோ கடந்திருக்காங்க. நாங்க பாத்த மேய்ப்பன் முன்னாடி போகல. குதிரைங்கதான் முன்னாடி போச்சு. நாப்பது குதிரை. ஜனங்க சேத்துல ரெண்டு நாள் கெடந்தோம்.”

“பிரபு பாத்துக்கிட்டா இருந்தாரு?”

“அவருதான சொன்னதே. சொல்லிட்டுக் கூடாரத்துக்குள்ள போயிட்டாரு. தெப்பத்துல நின்னு குதிரைங்கள மூணு மூணா அக்கரைக்குக் கொண்டுபோனது உங்க மாப்பிள்ளைதான். அதுவும் பொண்ணு இந்தக் கரையில...”

அதோடு நிறுத்திக்கொண்டார். எவ்வளவு கேட்டும், “அத உங்க தங்கச்சி வாயால கேளுங்க சாமி, நான் செருப்புத் தைக்கிறவன்” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேட்கிறேன். வர்தேனி எங்கே?

பார்செக்


தீவு மடம்
திருவருகைக் காலத்துக்கு முந்தைய வாரம்

நாசெனி,

நாளை கடைசிப் படகு. அதற்குப் பிறகு ஏரி யாரையும் விடாது. இரண்டு மாதமாக நீ எழுதவில்லை. எழுதாததையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பக்கம் மனம் சொல்கிறது. இன்னொரு பக்கம், அவளுக்கு அம்மை போட்டிருக்கும், தலையை மழித்திருப்பார்கள், அதனால்தான் சீப்பு வந்தது என்பதற்குமேல் பேச்சில்லை என்று சொல்கிறது. அறுபது வயதுக் கிழவன் இப்படியெல்லாம் யோசிக்கிறேன்.

“ஒருவரும் குறையாமல்” என்று எழுதிய வரியைத் தாளிலிருந்து இன்னும் சுரண்டி அழிக்கவில்லை. நீ சொல்லாமல் சுரண்ட மாட்டேன்.

நீங்கள் நலமாக இருங்கள்.

பார்செக்


செபஸ்தியா
திருமுழுக்குத் திருநாள் கழிந்து இரண்டாம் நாள்

அண்ணனுக்கு, தங்கை நாசெனி வணங்கி எழுதுவது. பனியில் உங்கள் மூட்டு வலி என்ன பாடுபடுத்துகிறதோ. எங்களுக்கு உடம்பில் நோய் ஒன்றும் இல்லை.

தோரோஸைப் பற்றி எழுதிய உங்கள் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்தேன். அடுத்தது வந்தபோது அதன் மேலேயே வைத்தேன். கணவாய் திறக்கும்வரை மர்காரும் இங்கிருந்து நகர மாட்டார் என்பதால் எழுதத் துணிந்தேன். எழுதினாலும் உடனே போய்ச் சேராது அல்லவா.

வர்தேனி இல்லை. 

கிரேக்க ஆளுநருக்குப் பிரபு நாற்பது குதிரைகள் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். குறித்த நாளுக்குள் அவை போகாவிட்டால் நிலம் கைக்கு வராதாம். மழையில் ஆறு பொங்கி, தெப்பம் மூன்றாகிவிட்டது. ஊதிய தோல்களின்மேல் பலகை கட்டிய தெப்பம், ஒன்றில் மூன்று குதிரைகளுக்குமேல் நிற்காது. முதலில் குதிரைகள், பிறகு பிரபுவின் பெட்டிகள், பிறகு ஆலயப் பாத்திரங்கள், அதன் பிறகு நாங்கள். பனியும் மழையும் கலந்து கொட்டியது. விறகில்லாமல் வண்டிகளின் பக்கப் பலகைகளை உடைத்து எரித்தோம். அவளுக்குக் கணவாயிலிருந்தே இருமல்.

உங்கள் மாப்பிள்ளை தெப்பத்தோடு போவதும் வருவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறை தெப்பம் இந்தக் கரைக்கு வரும்போதும் அவள் எழுந்து நிற்பாள். “இந்தத் தடவ நம்மள ஏத்திக்குவாரு, பாரேன்” என்பாள். குதிரை மிரண்டால் அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னவோ சொல்வார். “அப்பா குதிர காதுல என்னம்மா சொல்றாரு?” என்று கேட்டாள். தெரியலடி, வந்ததும் நீயே கேட்டுக்கோ என்றேன்.

மூன்றாம் நாள் நண்பகலில் எங்கள் முறை வந்தது. நடு ஆற்றில் அவள் கை என் கையில் கனத்துப் போனது. அக்கரையில் அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். கொடுத்தேன். “தூங்கிட்டாளா?” என்றார்.

அந்தக் கரையிலேயே புதைத்தோம். அவளோடு சேர்த்து முப்பத்தொரு பேர். சீப்பு என்னிடம் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், அண்ணா. ஆற்றைப் பற்றி எழுதுங்கள். குதிரைகளைப் பற்றி எழுதுங்கள். பிரபு கோபித்தாலும் எழுதுங்கள். உங்கள் மாப்பிள்ளையின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். அவர் தெப்பங்களுக்குக் காவல் நின்ற படைத்தலைவனிடம் கெஞ்சிக் கேட்டிருப்பார், அவன் முடியாது என்றிருப்பான். இதைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அவருக்கு ரொட்டி சுட்டுத் தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாசெனி


செபஸ்தியா
தூய வார்தான் திருநாள்

மச்சான் பார்செக் சாமிக்கு, அர்தவான் கும்பிட்டு எழுதச் சொன்னது. (அண்ணா, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.)

மச்சான், நீங்க சொகமா இருக்கணும். எனக்கு முதுகு வலி இருக்கு, அது கெடக்கட்டும். நாசெனி பெட்டியத் தொறந்து தொறந்து மூடுறத பாத்தேன். என்னன்னு கேட்டேன். எங்கண்ணன் ஆத்தப் பத்தி எழுதப்போறாரு, உங்க பேரு வராதுன்னு சொன்னா. ஏன் வராது? நான்தான தெப்பத்துல நின்னேன்?

எம் பேர எழுதுங்க. நாப்பது குதிரையக் கொண்டுபோனவன் அர்தவான், நோர்கெட்டுக் குதிரக்காரன். ஒரு குதிரைக்கும் கால்ல அடிபடல. பிரபு எனக்கு ஒரு கம்பளிச் சட்ட குடுத்தாரு. அதையும் எழுதுங்க.

இன்னொண்ணு. நான் கேக்கல.

(“எழுதுனியா?” என்கிறார். எதைக் கேட்கவில்லை என்று நான் கேட்டேன்.)

பாப்பாவ மட்டும் ஏத்திக்கவான்னு தலைவன்கிட்ட கேக்கல. கேட்டிருந்தா இல்லன்னுருப்பானோ, போடான்னு ஏத்தச் சொல்லியிருப்பானோ. தெரியாது. அவன் ஒண்ணும் கெட்டவன் இல்ல, அவனுக்கும் பொண்ணு இருக்கு. மொதல் தடவ போறப்ப அடுத்த தடவ கேப்போம்னு நெனச்சேன். ரெண்டாவது தடவ ஒரு குதிர மிரண்டுச்சு. அப்புறம் எல்லாம் சரியாத்தான நடக்குதுன்னு தோணிச்சு. குதிரைங்க நல்லபடியா போய்ச்சேருதுன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு மச்சான். அதையும் எழுதுங்க.

(எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தபோது மை காய்ந்திருந்தது. அவர் எதிரில் உட்கார்ந்தே இருந்தார்.)

அவ்வளவுதான்.

அண்ணா, முந்திய கடிதத்தை மர்காரிடமிருந்து திரும்ப வாங்கவில்லை. அதில் எழுதியதும் நான்தான், இதில் எழுதியதும் நான்தான். நாளையிலிருந்து யூதோகியா வீட்டில் இருப்பேன். அவளுக்குக் கம்பளம் நெய்ய ஆள் வேண்டுமாம்.

நாசெனி


தீவு மடம்
ஆண்டு 473, உயிர்ப்புப் பெருநாள் கழிந்து இருபதாம் நாள்

என் தங்கை நாசெனிக்கும், அவள் கணவர் அர்தவானுக்கும்,

இருவருக்கும் சேர்த்தே இந்தக் கடிதம். இருவரையும் இறைவன் தாங்கட்டும். இரண்டு கடிதங்களையும் மர்கார் ஒரே பையில் கொண்டுவந்தார். படித்த அன்று நான் ஆலயத்துக்குப் போகவில்லை. கிரகோஸ் தந்தை கஞ்சியை அறைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

“ஒருவரும் குறையாமல்” என்ற வரியை அன்றே சுரண்டினேன். அந்தத் தாள் முழுவதையும் சுரண்டினேன். ஆனால் புதிதாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பதினைந்து நாள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் மாப்பிள்ளையின் பெயரை என்னால் எழுத முடியாது.

பள்ளத்தாக்கைக் கிரேக்கரிடம் ஒப்படைத்த பத்திரம் இரண்டு படிகள். கிரேக்கத்தில் ஒன்று, நம் மொழியில் ஒன்று. நம் மொழியில் எழுதியது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. நான்தான். பிரபு என்னை ஏரிக்கரைக்கு அழைத்துவரச் செய்து, ஒரு கூடாரத்தில் உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுதவைத்தார். இத்தனை கிராமம், இத்தனை ஆலயம், இத்தனை குடும்பம். நாற்பது குதிரைகளும் அவற்றுக்குக் குறித்த நாளும் அதில் இருந்தன. குளிர் தொடங்கும் காலத்தில் இத்தனை குடும்பம் எப்படி நடக்கும் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. முதல் எழுத்தைச் சிவப்பு மையில் கொடிபோல வளைத்துப் போட்டேன். “உன்னைப்போல எழுத ஆள் இல்லை” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மாப்பிள்ளை.

இப்போது எழுதியிருப்பது இது:

“அந்த ஆண்டு பாப்கென் பிரபு நோர்கெட்டைக் கிரேக்கருக்குக் கொடுத்தார். துருக்கியருக்கு அஞ்சிக் கொடுத்தார், கொடுத்தபோது அழுதார். பத்திரத்தை எழுதியவன் இதை எழுதும் பார்செக். யூப்ரடீஸ் கரையில் தெப்பங்கள் மூன்றே மிஞ்சின. குதிரைகள் முதலில் கடந்தன, நாற்பது. அவற்றைக் கொண்டுசென்றவர் குதிரைக்காரர் அர்தவான். ஜனங்கள் பனியிலும் மழையிலும் காத்திருந்தனர். மூன்றாம் நாள் கடந்தனர். முப்பத்தொருவர் இறந்தனர். அவர்களுள் ஒருத்தி வர்தேனி, அர்தவானுக்கும் நாசெனிக்கும் மகள், வயது ஏழு. ஜனங்களை முதலில் ஏற்றலாமா என்று பிரபுவிடம் ஒருவரும் கேட்கவில்லை. குதிரைக்காரர் கேட்கவில்லை. பத்திரம் எழுதியவனும் கேட்கவில்லை.”

கிரகோஸ் தந்தையிடம் கொடுத்தேன். அவர் கண்ணருகே வைத்து முழுவதையும் படித்தார். பிறகு, “எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு பார்செக்கு, ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருக்கும். கட்டுல சேத்துத் தச்சுரு” என்றார். பிரபுவின் காரியஸ்தருக்கு ஒரு படி போயிருக்கிறது. இனி அங்கிருந்து தோல்தாள் வராது. ஆறு தாள் மீதி இருக்கிறது. இறந்த மற்ற முப்பது பேரின் பெயர்களைத் தோரோஸ் சொல்கிறார், எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பத்தொன்பது.

நாசெனி, மாப்பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது. இதை அவருக்குப் படித்துக் காட்ட உன்னைத் தவிர ஆள் இல்லை. படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

பார்செக்


செபஸ்தியா
வர்தவார் கழிந்து மூன்றாம் நாள்

அண்ணன் பார்செக் அவர்களுக்கு, நாசெனி வணங்கி எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? தோல்தாள் நின்றுபோனால் சாப்பாட்டுக்கும் குறை வந்திருக்குமோ என்று கவலை. மர்காரிடம் உலர்ந்த பழமும் கோதுமை ரவையும் கொடுத்திருக்கிறேன். வழியில் அவரே தின்றுவிடாமல் மூட்டையைத் தைத்து அனுப்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் யூதோகியா வீட்டில் தறியில் இருந்தேன். படித்துவிட்டு அன்று முழுக்க நெய்தேன். மறுநாளும் நெய்தேன். நான்கு மாதமாக அவரும் நானும் தெருவில் எதிரெதிரே பார்த்தால் கிணற்றடியில் அந்நியர்கள்போல் ஒதுங்கிப் போவோம். யூதோகியா ஒன்றும் புரியாமலே புரிந்துகொண்டவள். கடிதத்தை என் மடியில் பார்த்ததும், பெயர் சொல்லாமல், தலையால் லாயம் இருக்கும் வீதிப் பக்கம் காட்டினாள்.

மூன்றாம் நாள் லாயத்துக்குப் போனேன். அவர் ஒரு குதிரையின் குளம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அண்ணன்கிட்டருந்து வந்திருக்கு. படிக்கவா?” என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பத்திரம் எழுதியது நீங்கள் என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். “மச்சானா?” என்றார். ஆமாம் என்றேன். ஏட்டில் எழுதியதை நான் மெதுவாகப் படித்தேன். முடித்ததும், “இன்னொரு தடவ” என்றார். படித்தேன். மூன்றாவது முறை, அவள் பெயர் வரும் வரியை மட்டும் கேட்டார். படித்தேன்.

ஆற்றங்கரையில் மண்ணைத் தள்ளிய நாள் முதல் அவர் அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிரபுவைப் பற்றி, உங்களைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏழுன்னா போட்டிருக்காரு?”

“ஆமா.”

“தப்பு. வர்தேனிக்கு எட்டு. கணவாயில பனி விழுந்துச்சே, அந்த வாரம் எட்டு முடிஞ்சுது. நீ ரொட்டியில தேன் தடவிக் குடுத்த. பாதியப் பிச்சு எனக்குக் குடுத்தா, குதிரைக்கும் கொஞ்சம் குடுத்தா.” தாளைக் காட்டி, “மச்சான்கிட்ட சொல்லு. தப்பா இருக்கக் கூடாது” என்றார்.

நான் மறந்துபோயிருந்தேன், அண்ணா. பெற்றவள் நான், எனக்கு அந்த ரொட்டி நினைவில் இல்லை.

இந்தக் கடிதத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவர் எதிரில் இருக்கிறார், எழுதிவிட்டேனா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். சுரண்டுவதற்கு இடம் இருக்கும் என்று நம்புகிறேன். எட்டு என்று திருத்திவிடுங்கள்.

நாசெனி